புள்ளிக்குக் காசில்லை

முதலில் வெள்ளி வண்ணம் உரிந்தது.
அதன் கீழே தங்கம்.
தங்கத்தின் கீழே ஒரு தேர்தல்,
அதற்கும் கீழே இன்னொரு தேர்தல்,
பிறகு யாரோ ஒரு பக்தர் பூசிய சந்தன நிறம்.
கல்மண்டபம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே
மூங்கில் சாரத்தில் தொற்றிக்கொண்டு
பதினோரு நாள் சுரண்டினோம்
நானும் முனீரும்.
மூன்று மணிக்குமேல் காசிமேட்டிலிருந்து
காற்று திரும்பும்.
சுரண்டிய தூளெல்லாம் எங்கள் தேநீரில்.

சூ. தைரியநாதனை நான் படித்ததில்லை.
முனீர் படித்திருக்கிறான், ஒரே ஒரு கதை,
பாடப்புத்தகத்தில், அதுவும் பாதி.
விடை தெரியாமல் அடி வாங்கியதால்
அந்தப் பாதி மறக்கவில்லை என்கிறான்.

எட்டாம் பூச்சில் இடது காது வந்தது.
காதுக்கு மேல் ஒரு மேடு.
கல்லடி பட்ட வீக்கம் என்றவர்கள் உண்டு.
பீடி என்று சொல்லி
அகற்றக் கோரி மனு கொடுத்தவர்களும் உண்டாம்.
ஊசியால் நெம்பி நெம்பி எடுத்தேன்.
பென்சில்.
கூர்கூட இருந்தது.

அச்சகத்தில் முப்பத்தொரு வருடம்
அடுத்தவர் பிழையைத் திருத்திச் சம்பளம் வாங்கியவர்
என்று பிறகு சொன்னார்கள்.
அப்படியென்றால் சிலை செய்தவன்
அவரை நேரில் பார்த்திருக்கிறான்.

உதவிப் பொறியாளர் கோமளவல்லி
மதிப்பீட்டுத் தாளைப் புரட்டினார்.
மூக்கு உண்டு, கண்ணாடி உண்டு,
பீடத்துக்குக் கருங்கல் உண்டு.
‘பென்சில்னு ஐட்டமே இல்லியே’ என்றார்.
கைபேசியில் இரண்டு படம் எடுத்துக்கொண்டு
வேறெதுவும் சொல்லாமல் வண்டி ஏறினார்.
அதை அனுமதி என்று வைத்துக்கொண்டோம்.

கல்வெட்டு பல்லாவரத்தில் வெட்டியது.
எழுத்துக்கு அறுபது ரூபாய்.
புள்ளி வைத்த எழுத்துக்கும் அறுபதா,
அது அரை மாத்திரைதானே என்று
ஒப்பந்தக்காரர் ஏகாம்பரம் வாதாடிப் பார்த்தார்.
கடைக்காரர் மசியவில்லை.
‘சிறுகதைக்குப் புகழ் சேர்த்தவர்’ என்பதில்
ஒரு ப் குறைந்தது.
அறுபது ரூபாய் மிச்சம்.

விழாவில் யாரும் கவனிக்கவில்லை.
பொன்னாடை, மைக்,
புறாக்களைக் கலைத்த ஒரு ட்ரோன்.
பேசிய ஆறு பேரில் நான்கு பேர்
தைரியம் என்ற சொல்லை வைத்தே
நேரத்தை ஓட்டினார்கள்.
போகும்போது கம்பிக் கதவைப் பூட்டி
சாவியை வார்டு ஆபீசுக்குக் கொண்டுபோனார்கள்.

அந்தப் பீடத்தின் கீழ்ப்படியில்தான்
ரோஸ்லின் நெத்திலி விற்றுக்கொண்டிருந்தாள்,
அவளுக்கு முன்னால் அவள் சித்தி.
‘அவரு எழுதுனது பூரா இந்தத் தெருவுல
குந்தினு இருந்தவங்களப் பத்தியாமே?’
முனீருக்குத் தெரிந்தது பாதிக் கதை.
ஆமாம் என்றான்.
‘அப்ப அவர உள்ள வச்சிப் பூட்டிக்கினு
எங்கள வெளிய தள்ளினா
யாரப் பாத்து எழுதுவாரு?’
சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.
கூடையை நடைபாதைக்கு நகர்த்தி
குடைக்கம்பைப் புதுக் கம்பியோடு சேர்த்துக் கட்டினாள்.
நல்ல முடிச்சு.
சாரம் கட்டுகிறவன் சொல்கிறேன்.

மூன்றாம் நாள்
மிச்சக் கழிகளை எடுக்கப் போனபோது
கல்வெட்டில் கு-வுக்கும் பு-வுக்கும் நடுவே
அம்புமுனை போல ஒரு குறி,
அதன் தலையில் சின்னதாய் ஒரு ப்.
பென்சிலில்.
கம்பி இடைவெளியில் கைவிட்டுப் பார்த்தேன்.
எட்டவில்லை.

கோமளவல்லிக்கு யாரோ படம் அனுப்பிவிட்டார்கள்.
‘தொடச்சிடுங்க’ என்றார் போனில்.
கழியை ஊன்றி உள்ளே குதித்தோம்.
ஈரத்துணியால் கல் முழுக்கத் துடைத்தேன்,
அந்த ஒரு எழுத்தைச் சுற்றி.
பிறகு முனீர் உளியை எடுத்தான்.
நான் தடுக்கவில்லை.
எழுத்து அவன் வெட்டியது, கொஞ்சம் கோணல்.
புள்ளி நான் வைத்தது,
ஒரே தட்டு.

‘இன்னாத்தத் தட்றீங்க?’
அண்ணாந்து கேட்டாள் ரோஸ்லின்.
காற்று திரும்பியிருந்தது.
நெத்திலி மேல் விழுந்த கல்தூளை
ஊதிவிட்டு
கூறு எவ்வளவு என்று கேட்டவரிடம்
விலை சொல்லத் திரும்பினாள்.